எதிர்ப்பு எப்போது பயன் தரும்?



"ஊர்வலம் போனார்கள், கோஷமிட்டார்கள், கலைந்தார்கள், நடந்தது ஒன்றுமில்லை" என்று நாம் எத்தனை முறை கூறியிருக்கிறோம்! ஓர் எதிர்ப்பு வெற்றி பெறுவதும் மற்றொன்று வீணாவதும் எதனால்? அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் நடத்திய மூன்று போராட்டங்களை நோக்குவோம். மூன்றிலும் முன்னின்றவர் மார்ட்டின் லூதர் கிங்.

மொன்ட்கோமரி: 1955 டிசம்பர் 1ஆம் திகதி, பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். மக்கள் பஸ்ஸில் ஏறுவதையே நிறுத்தினர். பலர் வேலைக்கு நடந்தனர். கார் வைத்திருந்தோர் மற்றவர்களை ஏற்றிச் சென்றனர். பயணிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராதலால் கம்பனியின் வருமானம் வீழ்ந்தது. வழக்கும் தொடரப்பட்டது. 381 நாட்களின் பின், உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் பஸ்களில் இனப் பிரிவினை ஒழிந்தது.

அல்பனி, 1961-62: இங்கு எல்லாப் பிரிவினைகளையும் ஒரே வேளையில் எதிர்த்தனர். பொலிஸ் தலைவர் லோரி பிரிச்செட் பகிரங்கமாக அடிக்கவில்லை. கைதானோரை அயற் பிரதேசச் சிறைகளுக்கு அனுப்பினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றும் நகரசபை இணங்கவில்லை. குறிப்பான ஒன்றைத் தெரிந்தெடுக்காதது தவறு எனக் கிங் பின்னர் ஒப்புக்கொண்டார்.

பேர்மிங்ஹாம், 1963: உயிர்த்த ஞாயிறு வியாபாரக் காலத்தில் நகரக் கடைகளைப் பகிஷ்கரித்தனர். மே மாதம் ஊர்வலம் சென்ற சிறுவர்கள்மீது நாய்களும் தீயணைப்புக் குழாய் நீரும் ஏவப்பட்டன. படங்கள் உலகெங்கும் பரவின. மே 10ஆம் திகதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் கற்பவை:

1. கோரிக்கை, "ஆம்" அல்லது "இல்லை" என்று பதில் கூறக்கூடியதாக இருக்கவேண்டும்.

2. மறுப்பவருக்கு மறுப்பதால் நட்டம் வரவேண்டும். கோஷம் ஒரு நாளில் ஓயும். வெறுமையான பஸ் தினமும் பேசும்.

3. நீண்டகாலம் தாங்கும் ஒழுங்கு தேவை.

4. கை ஓங்கக்கூடாது. 1956இல் கிங்கின் வீட்டிற்குக் குண்டு வைக்கப்பட்டபோது, ஆத்திரத்துடன் கூடிய மக்களை அவர் அமைதியாக வீடு திரும்பச் செய்தார். அன்று அவர்கள் தாக்கியிருந்தால், குண்டு வைத்தவனை மறந்து அவர்களையே உலகம் குற்றஞ்சாட்டியிருக்கும்.

அல்பனியிலும் மக்கள் பெரும்பாலும் அமைதி காத்தனர், துணிவும் இருந்தது. ஆகவே நல்ல மனம் மட்டும் போதாது, விவேகமும் வேண்டும். எனினும் அவர்களுடைய சிறைவாசம் வீணன்று; பேர்மிங்ஹாமுக்குப் பாடம் அங்கேதான் கிடைத்தது.

குடும்பமாகச் சிந்திக்க: பேர்மிங்ஹாமில் வெற்றியின் விலையைப் பிள்ளைகளும் செலுத்தினர். நீங்கள் அங்கே பெற்றோராக இருந்திருந்தால், உங்கள் பிள்ளையை அனுப்பியிருப்பீர்களா?