கடலின் பசுமையை அளத்தல்

நெல்லின் இலைப் பசுமையை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் முறை வலங்கைமான் வட்டார உழவர்க்குப் புதிதன்று. கடலிலும் பசுமை உண்டு. மேல்நீரில் மிதக்கும் நுண்தாவரங்களின் பச்சையமே அது. மீன்வளத்திற்கு அதுவே அடிப்படையாதலின், நாகப்பட்டின மீனவர் வாழ்வும் அதனைச் சார்ந்ததேயாகும்.

பச்சையம் நீல ஒளியை உறிஞ்சும். கடலிலிருந்து மீளும் நீல, பச்சை ஒளிகளின் விகிதத்தைக் கொண்டு செயற்கைக்கோள் அதன் அளவைக் கணிக்கிறது. இப்பணிக்கென நம் நாடு 1999, 2009, 2022 ஆம் ஆண்டுகளில் ஓஷன்சாட் கோள்களை ஏவியது.

சென்ற ஆண்டு ஒரு மரக்காலாலும் இவ்வாண்டு வேறொரு மரக்காலாலும் நெல்லை அளந்தால், வேறுபாடு விளைச்சலினதா, மரக்காலினதா? எனவே பழைய கோளும் புதிய கோளும் சிறிது காலம் ஒரே கடலை ஒருங்கே அளத்தல் வேண்டும். கப்பலில் எடுத்த நீர் மாதிரிகளுடனும் ஒப்பிடுதல் வேண்டும்.

ஓராண்டுக் குறைவு பருவக்காற்றின் மாறுபாட்டாலும் நேரலாம். பல பத்தாண்டுப் பதிவே உண்மைப் போக்கைக் காட்டும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்தாவரங்கள் 20 விழுக்காடு வரை குறைந்ததாக, செயற்கைக்கோள் பதிவுகளையும் கணினிக் கணிப்புகளையும் கொண்டு 2016 இல் வெளியான ஆய்வொன்று கூறியது. மேல்நீர் வெப்பமடைவதால், அடிநீரின் சத்துகள் மேலெழுவது தடைப்படுகிறது என்பது அதன் விளக்கம்.

இதனை வங்கக் கடலுக்கு அப்படியே பொருத்தலாகாது. அளவை இடையறாது தொடர்வதே நம் கடலின் நிலையை அறியும் வழியாகும்.