தொட்டித் தண்ணீர் நாறுகிறதா?

(தம்பதிகளுக்கான சுகாதாரப் பாடம்)



முன்பெல்லாம் நம் வேப்பம்பட்டிலும் சுற்று வட்டாரத்திலும் கிணற்றிலோ கைப்பம்பிலோ அன்றாடம் தண்ணீர் எடுத்தோம். குடம் காலியானால் அடுத்த குடம் புதுத்தண்ணீர். இன்று பல வீடுகளில் தரைக்குள் ஒரு சம்ப், மாடியில் ஒரு தொட்டி, வாசலில் இரண்டு டிரம் என்று ஆகிவிட்டது. வசதிதான். ஆனால் தண்ணீர் வீட்டில் தங்கும் நாளும் கூடிவிட்டது. தங்கும் தண்ணீர்தான் நாறும்.

"என்னங்க, குழாயைத் திறந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்குதுங்க" என்பார் மனைவி. "ரெண்டு நிமிஷம் ஓடவிடு, சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு, கணவர் காக்களூருக்கோ அம்பத்தூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். ஓடவிட்டால் நாற்றம் குறையும், போகாது. அதன் காரணம் தொட்டியின் அடியில் இருக்கிறது.

நாற்றம் ஏன் வருகிறது?

தண்ணீரோடு வரும் மண்ணும் தூசியும் அடியில் படிந்து சேறாகின்றன. பக்கச் சுவரில் வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சேற்றுக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் ஒருவகை நுண்கிருமிகள், தண்ணீரில் கரைந்திருக்கும் கந்தக உப்பை ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் இதனுடையதுதான்.

வீடு பூட்டிக் கிடந்தால் இது அதிகமாகும். தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய்வீடு போய், கணவரும் வேலை செய்யும் ஊரிலேயே தங்கிவிட்டால், தொட்டித் தண்ணீர் மூன்று மாதம் அசையாமல் கிடக்கும். பச்சைக் குழந்தையோடு திரும்பி வந்து குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர்தான் முதலில் வரும். எனவே குழந்தை வீட்டுக்கு வருமுன் தொட்டியைக் கழுவி வையுங்கள்.

முதலில் மூக்கால் சோதியுங்கள்

நாற்றம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேலை தொடங்க வேண்டாம். ஒரு டம்ளரில் போர் தண்ணீரை நேராகப் பிடியுங்கள். இன்னொன்றில் தொட்டிக் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள். இருவரும் முகர்ந்து பாருங்கள்.

தொட்டித் தண்ணீர் மட்டும் நாறினால் கோளாறு தொட்டியில். ஒரே ஒரு குழாயில் மட்டும் நாறினால் அந்தக் குழாய் வழியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. போர் தண்ணீரே முட்டை நாற்றம் அடித்தால் நிலத்தடியிலேயே அந்த வாயு இருக்கலாம். அப்படிப்பட்ட தண்ணீரைச் சற்று உயரத்திலிருந்து தூவி விழச் செய்து காற்றாட வைத்தால் நாற்றம் பெருமளவு போகும்.

நாற்றத்தின் வகையையும் கவனியுங்கள். மண்வாடை, பாசிவாடை என்றால் தொட்டிக்குள் வெயில் படுகிறது, மூடி சரியில்லை. செத்த வாடை என்றால் எலி, பல்லி, அணில் ஏதாவது விழுந்திருக்கும். சாக்கடை வாடை என்றால் கழிவுநீர் கலந்திருக்கலாம். அதைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது, ஊராட்சிக்கு உடனே சொல்ல வேண்டும். பெயிண்ட், மண்ணெண்ணெய் அல்லது இரசாயன வாடை என்றால் தொட்டியைக் கழுவினாலும் தீராது, தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் தீராது. தண்ணீரை நிறுத்திவிட்டு ஊராட்சிக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இலேசான மருந்து வாடைக்கு மட்டும் பயம் வேண்டாம். அது கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின்.

சம்புக்குள் இறங்காதீர்கள்!

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். முட்டை நாற்றம் தரும் வாயு காற்றைவிடக் கனமானது. மூடிக் கிடக்கும் சம்பின் அடியில் தங்கி நிற்கும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் இல்லையே, இறங்கலாம்" என்று நினைப்பதுதான் ஆபத்து. உள்ளே மூச்சுக் காற்றும் குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்கப் பின்னால் இறங்குபவரும் விழுவார். ஒரே சம்பில் இரண்டு மூன்று உயிர்கள் போவது இப்படித்தான்.

ஆகவே மூடியைத் திறந்து பல மணி நேரம் காற்றாட விடுங்கள். மேலிருந்தபடியே நீளக் கம்புப் பிரஷால் தேய்த்து, மோட்டாராலோ வாளியாலோ சேற்றை வெளியேற்றுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள். டீசல் எஞ்சினைச் சம்புக்குள் இறக்காதீர்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் கூச்சல் போட்டு ஆள் கூட்டுங்கள். 108-க்கும் தீயணைப்பு நிலையம் 101-க்கும் போன் செய்யுங்கள். திறந்த மூடியருகே குழந்தைகளை விடவே கூடாது.

தொட்டியைக் கழுவும் முறை

1. மோட்டார் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, அடிச்சேற்றை அள்ளுங்கள்.

3. நார்ப் பிரஷால் சுவர், அடி, மூடியின் உட்புறம் எல்லாம் அழுத்தித் தேயுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் அது மாதக்கணக்கில் சாகாது. தேய்த்தால்தான் போகும்.

4. கழுவிய அழுக்குத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, தொட்டியை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள்.

5. ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம், 500 லிட்டருக்கு 75 கிராம் என்ற கணக்கில் புதிய பிளீச்சிங் பவுடரைக் கடையில் நிறுத்து வாங்குங்கள். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள்.

6. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, மருந்து வாடை வந்ததும் மூடுங்கள். அப்போதுதான் குழாய்க்குள் இருக்கும் கிருமியும் சாகும்.

7. ஓர் இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. குழாயில் ஒரு துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். சமையலுக்கு முன்கூட்டியே வேறு தண்ணீர் பிடித்து வையுங்கள்.

8. மறுநாள் எல்லாவற்றையும் வெளியேற்றி, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். மருந்துத் தண்ணீரை மாட்டுத் தொட்டியிலோ குளத்திலோ செடியிலோ விடாதீர்கள்.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிடைச் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். பவுடரைக் கரைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். தொட்டி கழுவுவது பெண்பிள்ளை வேலை என்று கணவர் ஒதுங்க வேண்டாம். ஒருவர் தேய்க்க ஒருவர் தண்ணீர் ஊற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடியும்.

படகுத் தொட்டிக்கும் இதே முறை

நம் மாவட்டத்துப் பழவேற்காட்டிலோ, சென்னைக் காசிமேட்டிலோ படகுத் தொழிலில் உள்ள சொந்தக்காரர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த வெயில் காலம் முழுவதும் தொட்டியில் தண்ணீரை விட்டுவைத்தால் நாறாமல் என்ன செய்யும்? தடை தொடங்கும்போதே தொட்டியை வடித்துக் காயவிட்டு மூடுங்கள். மீண்டும் கடலுக்குப் போகுமுன் மேலே சொன்ன முறையில் கழுவி நிரப்புங்கள். கேனில் தண்ணீர் கொண்டு போகிறவர்கள் கேனையும் இப்படியே கழுவலாம். நடுக்கடலில் வயிற்றுப்போக்கு கண்டால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை.

மலிவு டிரம் வேண்டாம்

தொழிற்பேட்டைப் பக்கம் பழைய டிரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிக் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். அதில் முன்பு என்ன மருந்து, என்ன அமிலம் இருந்ததோ! பிளாஸ்டிக்கில் ஊறிய இரசாயனம் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. டீசல் கேனும் பூச்சிமருந்து கேனும் அப்படித்தான். குடிதண்ணீருக்கென்றே விற்கும் பாத்திரத்தையே வாங்குங்கள்.

நாற்றம் போனால் போதுமா?

போதாது. தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு பாட்டில் சோதனை உண்டு. நம் நாட்டு விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்டது. பாட்டிலில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். கறுக்க வைப்பது அதே முட்டை நாற்ற வாயுதான். பார்க்கத் தெளிவாக, வாடையே இல்லாமல் இருக்கும் தண்ணீரும் சில சமயம் கறுக்கும். ஆகவே கண்ணையும் மூக்கையும் மட்டும் நம்பாமல், குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவைத்து, மூடி வைத்துக் குடியுங்கள். கைவிட்டு மொள்ளாமல் நீளக் காம்புள்ள கரண்டியால் எடுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிவிழுந்தாலும், குழந்தை சோர்ந்து கிடந்தாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்

• டிரம், அண்டா: வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

• சம்ப், மாடித்தொட்டி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வீடு பூட்டிக் கிடந்து திரும்பினால் உடனே.

• மூடி இறுக்கமாக இருக்கட்டும். காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள்.

• சம்பை மேலிருந்தே கழுவுங்கள், இறங்காதீர்கள்.

தொட்டி கழுவிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த தேதி யாருக்கு முதலில் நினைவு வருகிறதோ அவர் மற்றவரை எழுப்பட்டும்!

சுத்தமான தண்ணீர் – நலமான குழந்தை – நிறைவான குடும்பம்!