சென்னைச் சாலைகளில் ஃபோர்டு

நுழையும்முன்

ஒரு பொருளை உருவாக்குபவரும் அதனைப் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் காண்பதில்லை. எனினும், அவ்விருவரையும் பல்லாண்டுகள் பிணைத்து வைப்பது நம்பிக்கை. அமெரிக்காவில் தோன்றிய ஃபோர்டு நிறுவனம் சென்னைக்கு வந்ததும், விட்டுச் சென்றதும், மீண்டும் வர முற்பட்டுள்ளதும் அந்நம்பிக்கையின் வரலாறாக விளங்குகின்றன. தொழில் வளர்ச்சியையும் அதன் நிலையாமையையும் ஒருங்கே உணர்த்துகிறது இப்பாடம்.

டெட்ராய்ட்டில் ஒரு தொடக்கம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேளாண் குடும்பம் ஒன்றில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி ஃபோர்டு. இளமையிலேயே இயந்திரங்களின்பால் ஈடுபாடு கொண்ட அவர், 1903ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பங்காளர்கள் சிலருடன் இணைந்து ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் மகிழுந்து என்பது செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. தேர்ந்த கைவினைஞர் சிலர் கூடி, ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே உருவாக்கினர். அதனால் விலை மிகுதியாக இருந்தது. எண்ணிக்கையோ குறைவாக இருந்தது.

1908ஆம் ஆண்டு வெளிவந்த ‘மாடல் டி’ என்னும் வண்டி இந்நிலையை மாற்றியது. உறுதியும் எளிமையும் அதன் சிறப்பியல்புகள். தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே போதிய உயரம் இருந்தமையால், அது கரடுமுரடான மண்சாலைகளிலும் தடையின்றி ஓடியது. 1913ஆம் ஆண்டு ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை அமைக்கப்பட்டது. தொழிலாளர் வண்டியை நாடிச் சென்ற நிலை மாறி, வண்டி தொழிலாளரை நாடி வந்தது. வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்கு முன்னர் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம் தேவைப்பட்டது. புதிய முறையில் அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த வண்டியின் விலை, 1920களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927ஆம் ஆண்டுவரை ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ வண்டிகள் உருவாயின.

இவ்வெற்றிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்கும் வேலை தொழிலாளருக்குச் சலிப்பைத் தந்தது. பலர் வேலையைத் துறந்து வெளியேறினர். 1914ஆம் ஆண்டு ஃபோர்டு அறிவித்த நாளொன்றுக்கு ஐந்து டாலர் வருவாயும் எட்டு மணி நேர வேலையும் உலகையே வியப்பில் ஆழ்த்தின. தொழிலாளரைத் தக்கவைத்துக் கொள்ளும் தேவையும் அவ்வறிவிப்பிற்கு ஒரு காரணமாகும். தொழிலாளரின்றி எந்த இயந்திரமும் இயங்காது என்பதை அந்நிறுவனம் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

மதராஸில் முதல் வருகை

1901ஆம் ஆண்டு பாரி நிறுவனத்தின் இயக்குநர் ஏ.ஜே. போக், சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்த தம் இல்லத்திலிருந்து பாரிமுனை அலுவலகத்திற்கு மகிழுந்தில் சென்று வந்தார். மதராஸ் நகரம் கண்ட முதல் மகிழுந்து அதுவே எனச் சென்னை வரலாற்றை எழுதியோர் சிலர் குறிப்பிடுவர். அடுத்த இருபது ஆண்டுகளில் மவுண்ட் ரோடு வாகன வணிகத்தின் மையமாக வளர்ந்தது. குதிரை வண்டிகளைக் கட்டிப் புகழ்பெற்ற சிம்சன் நிறுவனமும், ஆடிசன் நிறுவனமும் மோட்டார் தொழிலில் முனைந்தன. 1920களில் உருவான தியாகராய நகரின் அகன்ற சாலைகள், மோட்டார் காலத்தை வரவேற்க விரித்து வைத்தாற்போல் அமைந்தன.

1926ஆம் ஆண்டு, கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனத்தின் கிளையாக இந்திய ஃபோர்டு நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1930ஆம் ஆண்டு மதராஸிலும், 1931ஆம் ஆண்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் அது வண்டிகளைத் தொகுக்கத் தொடங்கியது. கப்பலில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை இங்குள்ள தொழிலாளர் பூட்டி முழுமையாக்கினர். பாகங்கள் அயல்நாட்டில் வடிவம் பெற்றன. பூட்டும் கைகள் மட்டுமே மதராஸுக்கு உரியவை.

விடுதலை பெற்ற இந்தியா இந்நிலையை ஏற்கவில்லை. உள்நாட்டிலேயே பாகங்களை உருவாக்கும் திட்டமின்றி, வெறும் தொகுப்புப் பணியை மட்டும் செய்யும் நிறுவனங்கள் தொடரக் கூடாது என 1953ஆம் ஆண்டு அரசு முடிவு செய்தது. அதன் விளைவாக ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டைவிட்டு வெளியேறின. ஆனால், அவற்றின் வண்டிகள் இங்கேயே இருந்தன. இறக்குமதி தடைப்பட்டதால் உதிரி பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. கடைசல் பட்டறைகளில் புதிய பாகங்களைச் செய்தும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களைப் பொருத்தியும் உரிமையாளர்கள் தம் வண்டிகளை ஓட்டினர். பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையும், உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் சென்னை வாகன உரிமையாளர்களின் புகலிடங்களாயின.

மறைமலை நகரில் மறுவருகை

1991ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்கள் அயல்நாட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தன. 1995ஆம் ஆண்டு மஹிந்திரா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு மீண்டும் இந்தியாவுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ‘எஸ்கார்ட்’ மகிழுந்து விற்பனைக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், மறைமலை நகரில் பெரும் தொழிற்சாலை எழுந்தது. 1999ஆம் ஆண்டு, இந்தியச் சூழலுக்கென வடிவமைக்கப்பட்ட ‘ஐகான்’ அங்கிருந்து வெளிவந்தது.

தெரிந்து தெளிவோம்

மறைமலை நகர், தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கியது. அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய பின்னர்ப் பல்லாவரத்தில் வாழ்ந்தார். பல்லாவரமும் மறைமலை நகரும் ஜி.எஸ்.டி. சாலை எனப்படும் ஒரே நெடுஞ்சாலையில் அமைந்துள்ளன.

முதல் வருகைக்கும் இதற்கும் பெரும் வேறுபாடு இருந்தது. இம்முறை பாகங்களுள் பெரும்பாலானவை இங்கேயே உருவாயின. அவற்றைச் செய்து தரும் சிறு, நடுத்தர ஆலைகள் சுற்றுவட்டாரத்தில் பெருகின. ஹூண்டாய் முதலிய பிற நிறுவனங்களும் வந்தமையால், சென்னை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ எனப் பெயர் பெற்றது. நாளடைவில் மறைமலை நகர் ஆலை ஆண்டுக்கு 2,00,000 வாகனங்களையும் 3,40,000 எஞ்சின்களையும் உருவாக்கும் திறன் பெற்றது. அங்கு உருவான ‘எக்கோஸ்போர்ட்’ 2018ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலேயே விற்பனையானது. ஒரு காலத்தில் அயல்நாட்டுப் பாகங்களைப் பூட்டிய நகரம், அமெரிக்கர் ஓட்டும் வண்டியை முழுமையாகச் செய்து அனுப்பியது. தமிழகத் தொழில் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க ஒரு திருப்பமாகும்.

உரிமையாளர் உள்ளத்தில்

ஒரு வாகனத்தின் தரத்தை விளம்பரத்தைவிட உரிமையாளரின் பட்டறிவே தெளிவாக எடுத்துரைக்கும். ஃபோர்டு வண்டிகளை வைத்திருந்தோர் பெரிதும் போற்றியவை மூன்று. முதலாவது, கட்டமைப்பின் உறுதி. கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஓசையையே அதற்குச் சான்றாகக் கூறுவர். இரண்டாவது, வேகமாகச் செல்லும்போதும் சாலையை விட்டு விலகாத பிடிப்பு. அடையாற்றிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிவரை ஓட்டிச் செல்வோருக்கு அது மன அமைதியைத் தந்தது. மூன்றாவது, ஓட்டுநரின் கைக்குக் கட்டுப்பட்டு நடக்கும் இயல்பு.

குறைகளையும் அவர்கள் மறைப்பதில்லை. பராமரிப்புச் செலவு மிகுதி, உதிரி பாகங்களின் விலை கூடுதல் என்னும் எண்ணம் ‘ஐகான்’ காலத்திலிருந்தே சந்தையில் பரவியிருந்தது. நடுத்தரக் குடும்பங்களுக்கு வாங்கும் விலையைவிட வைத்திருக்கும் செலவே பெரிய வினாவாக இருந்தது. 2010ஆம் ஆண்டு ‘ஃபிகோ’ என்னும் சிறு மகிழுந்தை வெளியிட்டபோது நிறுவனம் இவ்வினாவுக்கு விடை காண முயன்றது. ஒரு தொகுதியில் சிறு பாகம் பழுதுற்றால் தொகுதி முழுவதையும் மாற்றாமல், அச்சிறு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் முறையை அது கொண்டு வந்தது.

நகரின் அமைப்பும் மக்களின் தேர்வை வழிநடத்தியது. மயிலாப்பூர் மாட வீதிகளின் நெரிசலிலும், தியாகராய நகர்ப் பாண்டி பஜாரின் நிறுத்துமிடத் தட்டுப்பாட்டிலும் நீண்ட வண்டி சுமையாகும். மழைக்காலத்தில் நீர் தேங்கும் தெருக்களில் தாழ்ந்த வண்டி இடருக்குள்ளாகும். நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், தரையிலிருந்து 200 மி.மீ. உயரமும் கொண்டு 2013ஆம் ஆண்டு வெளிவந்த ‘எக்கோஸ்போர்ட்’ இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்தது. அதன் பெரும் வரவேற்பிற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பூட்டிய கதவும் திறக்கும் கதவும்

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், இந்தியாவில் வாகன உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பு ஏற்பட்டதே காரணம் எனக் கூறப்பட்டது. குறைந்த விலைச் சிறு வண்டிகள் கோலோச்சும் சந்தையில் அந்நிறுவனத்தால் போதிய இடம் பெற இயலவில்லை. சென்னையிலும் குஜராத்தின் சானந்திலும் ஏறத்தாழ 4,000 தொழிலாளர் இதனால் பாதிக்கப்பட்டனர்.

தொழிலாளருள் பலர் இளமையில் ஆலைக்குள் நுழைந்து, நடுவயதில் வேலையிழந்தவர்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் கல்விச் செலவும் முன்னிற்கும் வயதில் புதிய வேலை தேடுவது எளிதன்று. உரிய இழப்பீடு கோரி 2022ஆம் ஆண்டு அவர்கள் போராட்டத்தில் இறங்கினர். அவ்வாண்டு ஜூலை மாதம் இறுதி வண்டியாக ஓர் ‘எக்கோஸ்போர்ட்’ ஆலையைவிட்டு வெளிவந்தது. ஆலையை நம்பியிருந்த சிறு பாக உற்பத்தியாளர்களும் வேறு வாய்ப்புகளைத் தேடினர். உரிமையாளர்களின் மனத்திலோ, “இனி இவ்வண்டிக்குப் பாகம் கிடைக்குமா? விற்றால் விலை போகுமா?” என்னும் ஐயங்கள் எழுந்தன. பழுதுபார்ப்புப் பணியும் உதிரி பாக வழங்கலும் தொடரும் என நிறுவனம் உறுதியளித்தது.

சானந்து ஆலை டாடா குழுமத்தின் வசமாயிற்று. மறைமலை நகர் ஆலை ஃபோர்டின் உடைமையாகவே நீடித்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், ஏற்றுமதிக்காக அவ்வாலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தை நிறுவனம் தமிழ்நாடு அரசுக்குத் தெரிவித்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபரில், ரூ. 3,250 கோடி முதலீட்டில் ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்களை உருவாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2029ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கும் என்றும், 600க்கும் மேற்பட்டோர் வேலை பெறுவர் என்றும் அவ்வறிவிப்பு கூறியது. ஆலை மூடியிருந்த காலத்திலும் ஃபோர்டு தமிழகத்தை முற்றிலும் நீங்கிவிடவில்லை. அதன் உலகளாவிய பணிகளுக்காக ஏறத்தாழ 12,000 பேர் தமிழகத்தில் பணியாற்றி வந்தனர்.

முதல் வருகையில் நிறுவனம் நாடியது பாகங்களைப் பூட்டும் கைகளை. மறுவருகையில் நாடியது முழு வண்டியையும் உருவாக்கும் திறனை. இப்போது நாடுவது எஞ்சினைச் செய்யும் நுட்பத்தையும், கணினிவழிப் பணியாற்றும் அறிவையும். மூன்று காலத்திலும் நிறுவனத்தின் முடிவுகள் அயல்நாட்டில் எடுக்கப்பட்டன. அம்முடிவுகளால் வேலையிழந்தோர் அனைவருக்கும் புதிய திட்டம் இடமளிக்கப் போவதில்லை. ஆயினும், ஆலைகளும் பட்டறைகளும் பயிற்றுவித்த தொழிலறிவு இந்நகரைவிட்டு அகலவில்லை. சென்றவரை மீண்டும் அழைத்து வரும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வறிவை உடைய தொழிலாளரின் வாழ்வுக்குப் பாதுகாப்பு அமையும்போதுதான் தொழில் வளர்ச்சி முழுமை பெறும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதியிலுள்ள வாகனப் பழுதுபார்க்கும் பட்டறைக்குச் சென்று, அங்குப் பணிபுரிவோர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குரிய தமிழ்ச்சொற்களை எழுதுக.

2. உங்கள் குடும்பத்தினர் நீண்ட காலம் பயன்படுத்திய ஒரு பொருளின் நிறை குறைகளை அவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

3. “பெருந்தொழில் நிறுவனங்களின் வருகை ஓர் ஊருக்கு நிலையான வளம் தருமா?” என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா: 1953ஆம் ஆண்டு அரசு எடுத்த முடிவு யாது?

சிறுவினா: ‘எக்கோஸ்போர்ட்’ வண்டியின் அமைப்பு சென்னை நகரின் தேவைகளுக்குப் பொருந்தியமையை விளக்குக.

நெடுவினா: ஃபோர்டு நிறுவனத்தின் வருகைகளை ஒப்பிட்டு, தொழிலறிவின் வளர்ச்சியைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.