அக்ரிலிக் பிரிண்ட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நொடிக்கு நொடி மாறும் ஒளியைக் கண்ணில் பட்டபடியே வண்ணத்தில் பிடிக்க முனைந்த பிரெஞ்சு ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்துக்குப் பெயர் தந்தது ஒரு துறைமுகக் காட்சியாகும். லெ ஆவ்ர் துறைமுகத்தின் சூரிய உதயத்தைக் காட்டும் குளோத் மோனேயின் அவ்வோவியம் (1872) 1874-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. துறைமுக நகரான தூத்துக்குடியில் அதன் அக்ரிலிக் அச்சுப்படியை வாங்க விரும்புவோர் நான்கு நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டும்.

நம்பிக்கை 1: அக்ரிலிக் பிரிண்ட் என்பது அக்ரிலிக் வண்ணத்தால் தீட்டிய படம்.

உண்மை: இங்கு அக்ரிலிக் என்பது கண்ணாடியில் ஏறத்தாழப் பாதி எடையே உள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடாகும், அதன் பின்புறத்தில் படம் நேரடியாக அச்சிடப்படுகிறது, அல்லது தாளில் அச்சிட்டு ஒட்டப்படுகிறது. மோனே எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர் ஆதலால், நீரில் செங்கதிர் விழுவதைக் காட்டும் தடித்த தூரிகைத் தீற்றல்களின் மேடுபள்ளம் வழவழப்பான தகட்டில் கிட்டாது.

நம்பிக்கை 2: நிறம் பளிச்சென்று இருந்தால் அச்சு தரமானது.

உண்மை: அவ்வோவியத்தின் சூரியன் நிறத்தால் மட்டுமே தனித்துத் தெரிகிறது, வெளிச்ச அளவில் அது சுற்றியுள்ள சாம்பல் வானத்துக்கு ஏறக்குறைய ஈடானது என்பதால், கறுப்பு வெள்ளையில் பார்த்தால் வானோடு கரைந்துவிடும். அச்சுப்படியைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படமெடுக்கும்போது சூரியன் வெண்பொட்டாக எடுப்பாகத் தெரிந்தால், அங்கே மூலத்தின் நுட்பம் குலைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நம்பிக்கை 3: அக்ரிலிக் துருப்பிடிக்காது, கடற்கரை வீட்டுக்குக் கவலையில்லை.

உண்மை: தகடு துருப்பிடிக்காது எனினும், அதைத் தாங்கும் சாதாரண இரும்புத் திருகாணிகளை உப்புக்காற்று அரித்துவிடும் என்பதால், 316 ரக எவர்சில்வர் திருகாணிகளைக் கேட்டு வாங்குவது நல்லது. படிந்த உப்புத்தூளை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். அமோனியா கலந்த துடைப்புத் திரவம் நுண்விரிசலை உண்டாக்கும். நீரில் நனைத்த மெல்லிய துணியே ஏற்றது.

நம்பிக்கை 4: பழைய ஓவியம் எதையும் யாரும் அச்சிடலாம்.

உண்மை: இந்தியாவில் ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. 1926-இல் மறைந்த மோனேயின் ஓவியங்களுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையா ராஜு 1976-இல் மறைந்தவராதலால், அவருடைய ஓவியங்களுக்கு அது பொதுவாக 2036 வரை உண்டு.

அந்தக் கொண்டையா ராஜுவின் ஓவியங்கள் சிவகாசியில் அச்சான நாட்காட்டிகள் வழியாகவே எளியோர் வீடுகளை அடைந்தன என்பதால், அச்சுப்படியை இழிவாக எண்ணக் காரணமில்லை. மோனேயின் மூல ஓவியத்தின் நிறத்துக்கும் 48 × 63 செ.மீ. அளவுக்கும் நெருங்கியதைத் தேர்ந்து வாங்குவதே ஓவியருக்குச் செய்யும் மரியாதையாகும்.