கிளம்ப மறுக்கும் ஆயில் என்ஜின்: குறையைக் கண்டறிந்து நிவர்த்திக்கும் முறை

தாம்பிரவருணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், கால்வாயில் ஜலம் குறையும் நாட்களில், கிணறும் ஆயில் என்ஜினும் உடைய குடியானவர்கள் அவற்றை நம்பியே பயிரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. வாழை குலை தள்ளும் தருணத்தில் தண்ணீர் தாமதித்தால் குலை சிறுத்துப் போகும். அச்சமயத்தில் என்ஜின் கிளம்பாவிட்டால், ஆள் மாற்றி ஆள் ஹாண்டிலைச் சுற்றிக் களைப்பதும், கண்ணில் பட்ட நட்டுகளையெல்லாம் கழற்றுவதும் பலருடைய வழக்கம். இதனால் சிறு குறையும் பெருஞ் செலவாகிறது. நாடி பார்த்த பின்னரே மருந்து கொடுப்பது போல, காரணத்தை வரிசையாக ஆராய்ந்த பின்னரே ஸ்பானரைக் கையில் எடுத்தல் வேண்டும்.

என்ஜின் கிளம்புவது எவ்வாறு?

டீசல் என்ஜினில் மோட்டார் காரின் பெட்ரோல் என்ஜினைப் போல் பொறி வைக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16-இல் ஒரு பங்காக நெருக்குகிறது. அந்நெருக்கத்தால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதில் டீசல் பனிபோல் தூவப்படுங்கால் தானே தீப்பற்றுகிறது. ஆகவே வேண்டுவன மூன்று: சுத்தமான எண்ணெய், தடையற்ற காற்று, ஒழுகாத நெருக்கம். கிளம்பாத என்ஜினில் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது புகை

ஹாண்டிலை வேகமாகச் சுற்றும்போது புகைக்குழாயைக் கவனிக்க வேண்டும். புகையே வராவிட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் செல்லவில்லை. வெண்புகை வந்தால் எண்ணெய் சென்றும் எரியவில்லை. நெருக்கம் குறைவு, அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை. சிரமத்துடன் கிளம்பிக் கரும்புகை கக்கினால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம்.

1. எண்ணெய். டாங்கியில் டீசல் உண்டா, குழாய்த் திருகு திறந்திருக்கிறதா, டாங்கி மூடியிலுள்ள சிறு துவாரம் தூசியால் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவும். அத்துவாரம் அடைபட்டால் எண்ணெய் இறங்காது. பின்னர் வடிகட்டியைச் சோதிக்கவும். டாங்கி ஒரு முறை வற்றிப் போயிருந்தால் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்ற, முதலில் வடிகட்டியின் மேலுள்ள திருகையும், பிறகு பம்பிலுள்ள திருகையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழிந்தபின் முடுக்க வேண்டும். கடைசியாக நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, எண்ணெய் துள்ளி வரும்வரை ஹாண்டிலைச் சுற்றி, மீண்டும் இறுக்கவும். நாசிலைக் கழற்றித் தூவலைப் பார்க்க நேர்ந்தால் அதன் எதிரே கையை நீட்டலாகாது. அவ்வேகத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும்.

2. காற்று. வடிகட்டியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கவும். அப்போது கிளம்பினால் குறை அதிலேயே இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்தாமல் என்ஜினை ஓட்டலாகாது. புழுதி சிலிண்டரைத் தேய்த்துவிடும்.

3. நெருக்கம். வால்வைத் தூக்கும் லீவரை இறக்கிவிட்டு ஹாண்டிலை மெல்லச் சுற்றினால், பிஸ்டன் மேலேறுங்கால் கை பலமாக எதிர்க்கப்பட வேண்டும். எதிர்ப்பில்லாவிடில் காது கொடுத்துக் கேட்கவும். காற்று வரும் வழியில் சீறல் கேட்டால் உள்வால்வும், புகைக்குழாயில் கேட்டால் வெளிவால்வும் ஒழுகுகின்றன. மசகெண்ணெய் ஊற்றும் துவாரத்தில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. குளிர்விக்கும் ஜலத்தில் குமிழி எழுந்தால் ஹெட்டின் அடியிலுள்ள கேஸ்கெட் பழுது. வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் இடையே இடைவெளி அற்றுப் போனாலும் வால்வு மூடாது. என்ஜினுடன் வந்த புத்தகத்திற் கண்ட அளவுப்படி அதைச் சரிசெய்தல் எளிது. வளையமும் வால்வும் தேய்ந்திருந்தால் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய என்ஜின்

2023ஆம் வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று; ஸ்ரீவைகுண்டம் வட்டாரம் வெள்ளக்காடாயிற்று. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் செய்யத்தகாத காரியம் யாதெனில், "ஓடுகிறதா பார்ப்போம்" என்று உடனே ஹாண்டிலைச் சுற்றுவதாகும். காற்று நெருங்கும், ஜலம் நெருங்காது. சிலிண்டரில் ஜலம் நின்றால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். மூழ்கிய காருக்கும் டிராக்டருக்கும் இதுவே விதி; சாவியைத் திருப்பாமல் பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும்.

அடித்தொட்டியின் திருகைத் திறந்தால் முதலில் ஜலமும் பின்னர் எண்ணெயும் வரும். இரண்டையும் முற்றிலும் வடித்துவிடவும். டாங்கியையும் காலி செய்யவும். நாசிலைக் கழற்றி, லீவரைத் தூக்கியபடி மிக மெதுவாகச் சுற்றினால் சிலிண்டரிலுள்ள ஜலம் வெளியேறும். பின்பு துரு ஏறாதபடி உள்ளே சிறிது மசகெண்ணெய் விட்டு, புதிய எண்ணெயும் வடிகட்டியும் இட்டுச் சிறிது நேரம் ஓட்டி, அவ்வெண்ணெயை மறுபடியும் மாற்றவும்.

உயிருக்கு எச்சரிக்கை

ஹாண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்தல் நலம். உதைத்தால் கை தப்பும். வேட்டி நுனியும் துண்டும் தொங்கலாகாது. கிணற்றுக் குழிக்குள் என்ஜினை ஓட்டுவது மிக அபாயம். அதன் புகையிலுள்ள நச்சுவாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லாதது; இறங்கியவனையும் அவனைத் தூக்கப் போனவனையும் ஒருங்கே கொல்லும். மழைக்காலத்திற்கு முன்னரே கிராம அதிகாரிகள் இவ்விரு எச்சரிக்கைகளையும், அதாவது மூழ்கிய என்ஜினைச் சுற்றலாகாது, குழியில் என்ஜினை ஓட்டலாகாது என்பவற்றை, ஊரறியச் சொல்லி வைப்பார்களாயின், பொருளுக்கும் உயிருக்கும் நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.