கவலையா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போ

தங்கச்சி, ஜூன் மாதம் நெருங்கினாலே உன் குரல் மாறிவிடுகிறது. ஸ்கூல் ஃபீஸ், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், வேன் பணம் என்று நீ போனில் அடுக்கும்போது, பக்கத்தில் விளையாடுகிற பிள்ளையும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கவலையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்ளும். அதனால் இதை உனக்கும் அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மத்தேயு 6-ஆம் அதிகாரம் உனக்கு மனப்பாடம். சாப்பாட்டுக்கும் துணிக்கும் கவலைப்படுகிறவர்களுக்கு இயேசு அங்கே கொடுத்த வேலை என்ன? கண்ணைத் திறந்து பறவையைப் பார்க்கச் சொன்னார், காட்டில் பூக்கிற பூவைப் பார்க்கச் சொன்னார். நாம் அந்த வசனத்தைக் காலண்டரில் மாட்டி வைத்திருக்கிறோம், பறவையைத்தான் பார்ப்பதில்லை. ஆகவே நிஜமாகவே போய்ப் பார்.

காகத்திலிருந்து தொடங்கு. செலவே கிடையாது. லூக்கா 12-இல் இதே போதனை வரும்போது காகத்தைத்தான் பெயர் சொல்லிக் காட்டுகிறார். லேவியராகமம் 11-இன்படி அது அசுத்தமான பறவை, யூதர் வீட்டில் யாருக்கும் வேண்டாதது. அதற்கும் பிதா சாப்பாடு கொடுக்கிறார். பஞ்ச காலத்தில் கேரீத் ஆற்றங்கரையில் எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுபோன பறவையும் அதுதான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடாதே. காலையில் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் நின்று, ஒரே ஒரு காகத்தைக் கண்ணால் பின்தொடரச் சொல். எங்கே உட்காருகிறது, எதைக் கொத்துகிறது, யாரைக் கூப்பிடுகிறது? சித்திரை வைகாசியில் வேப்பமரத்தில் கூடு தெரியும். குச்சியோடு கம்பித்துண்டும் செருகியிருக்கும். அதே கூட்டில் குயில் குஞ்சும் வளர்ந்தால் பிள்ளைகள் இடத்தைவிட்டு நகரவே மாட்டார்கள். தன் குஞ்சு அல்லாததற்கும் அந்தக் காகம் இரை ஊட்டும்.

அந்த இடத்தில் பிரசங்கம் மட்டும் பண்ணிவிடாதே. பார்த்தது உள்ளே இறங்கட்டும். ராத்திரி குடும்ப ஜெபத்தில் வசனத்தை வாசி. ஜெபக் குறிப்பு சொல்லுவதற்கு முன்னால், "இன்னைக்கு என்ன பாத்தீங்க?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேள். நீயும் சொல். ஃபீஸ் பணத்துக்கான ஜெபம் அதற்குப் பிறகு வரட்டும். முன்பின்னாக வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் ஜெபத்தின் தொனியே மாறிப்போகும்.

கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளை என்றால், "அப்போ நாம வேலை செய்யாட்டாலும் இயேசப்பா சாப்பாடு தருவாரா?" என்று கேட்கும். கேட்கட்டும், நல்ல கேள்வி. பனைமரத்தில் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூட்டைக் காட்டு. புல்லையும் ஓலையையும் நார்நாராகக் கிழித்துக் கொண்டுவந்து பின்னுவது ஆண் குருவி. பெண் குருவி வந்து பார்த்துப் பிடித்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் வேறு கூடு பின்ன வேண்டும். இரை கூட்டுக்குள் வந்து விழுவதில்லை, தேடிப் போனால் கிடைக்கிறது. எறும்பு சேர்த்து வைப்பதை நீதிமொழிகள் 6 புகழ்கிறது என்பதையும் சொல். சீட்டுக் கட்டலாம், ஆர்.டி. போடலாம். நாளைய சாப்பாட்டை நினைத்து இன்றைய சோறு தொண்டையில் இறங்காமல் போவதைத்தான் ஆண்டவர் வேண்டாம் என்கிறார்.

இனி, நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிற ஒன்று. மழைக்காற்று அடித்த மறுநாள் மரத்தடியில் செத்துக் கிடக்கிற குஞ்சைப் பிள்ளை கண்டுபிடிக்கும். அவசரமாக அதைப் பெருக்கித் தள்ளாதே. "இயேசப்பா ஏன் இதப் பாத்துக்கல?" என்ற கேள்விக்கு மழுப்பலாகவும் பதில் சொல்லாதே. மத்தேயு 10-ஐ எடு. அங்கே இரண்டு குருவிக்கு ஒரு காசு. லூக்கா 12-இல் ஐந்து குருவிக்கு இரண்டு காசு. காசை வைத்துப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல். ஐந்தாவது குருவி கொசுறு, விலையே இல்லாதது. அதையும் தேவன் மறக்கவில்லை என்கிறது வேதம். குருவி விழவே விழாது என்று இயேசு சொல்லவில்லை. பிதாவை விட்டுத் தனியாக அது விழுவதில்லை என்றுதான் சொன்னார். "நமக்கு ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதே. அப்பாவுக்கு வேலை போகலாம், ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போகலாம். அன்றைக்கும் நிற்கிற நம்பிக்கையை இப்போதே கொடு. குஞ்சைப் பிள்ளையோடு சேர்ந்து குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பூவுக்கு, மழை பெய்த பிறகு வேலியோரத்தில் செங்காந்தளைத் தேடு. சாலொமோனின் அலங்காரத்தைப் பற்றி நீ ஒன்றும் விளக்க வேண்டியிருக்காது. கிழங்கு கடுமையான விஷம், செடியில் கைவைக்கவே விடாதே.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் வராமல் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தால் டாக்டரைப் பார். அது விசுவாசக் குறைவு இல்லை. சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவை தேவதூதன் கண்டிக்கவில்லை. சாப்பிட வைத்தான், மறுபடியும் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19).

கிறிஸ்துமஸ் லீவுக்கு நெல்லைக்கு வருகிறாய் அல்லவா? மழை நன்றாகப் பெய்து குளம் பெருகியிருந்தால் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவோம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளே வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊரார் வெடி வெடிப்பதில்லை. இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்தும் குளிர்காலத்தில் அங்கே இறங்கும். 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், வெயில் ஏறிவிட்டால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். பைனாகுலர் நான் கொண்டுவருகிறேன், நீ புளியோதறை கட்டிக்கொண்டு வா.