கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூட்டமாக சைக்கிளில் போகிறீர்களா?

திருவள்ளூர், பூண்டி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு என்று ஒரு சுற்று சுற்றி, நடுவில் இரண்டு மூன்று ராத்திரி வெளியில் தங்கி வருகிற சைக்கிள் குழுக்கள் பெருகிவிட்டன. எங்கள் குழு இந்தப் பக்கம் போய்வந்து கண்டுகொண்ட சின்னச் சின்ன வழிகள் இவை. சைக்கிள் ஓட்ட உங்களுக்குத் தெரியும். நேரமும் காசும் தெம்பும் எங்கே மிச்சமாகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. மறுநாள் போட வேண்டிய உடுப்பு, சாக்ஸ், கையுறை எல்லாவற்றையும் ராத்திரியே ஹெல்மெட்டுக்குள் திணித்துத் தலைமாட்டில் வையுங்கள். பாட்டிலை நிரப்பி, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுப் படுங்கள். விடியலில் ஆளுக்கொரு சாக்ஸ் தேடினாலே அரை மணி நேரம் போய்விடும்.

2. காலை 5 மணிக்குச் சக்கரம் உருண்டால் வெயில் ஏறுவதற்குள், 9 மணிக்கே, 60 கிலோமீட்டர் முடிந்துவிடும். மிச்சத்தை மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொண்டு, நடுவில் நன்றாகத் தூங்குங்கள்.

3. கல்யாண மண்டபத்தில் தங்கினால் குளியலறை இரண்டோ மூன்றோதான் இருக்கும். முன்தினம் கடைசியாக வந்து சேர்ந்தவர் மறுநாள் காலை கடைசியாக எழுந்து கடைசியாகக் குளிக்கட்டும். களைத்தவருக்குக் கூடுதலாகக் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும், வரிசைச் சண்டையும் வராது. வாளிகளை ராத்திரியே நிரப்பிவிடுங்கள்.

4. காரனோடையிலிருந்து ஆரம்பாக்கம் வரை தேசிய நெடுஞ்சாலை 16-ல் எந்நேரமும் கன்டெய்னர் லாரிதான். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகப் போக்குவரத்தும் சிப்காட் தொழிற்பேட்டைப் போக்குவரத்தும் இதில்தான் சேர்கின்றன. சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் அதை விடாதீர்கள்; இல்லாத இடத்தில் ஒற்றை வரிசை. ஓரமாக நிறுத்தியிருக்கும் லாரியைச் சுற்றிப் போகும்போது முன்னால் போகிறவர் கையைக் காட்டிவிட்டுத்தான் விலக வேண்டும். பின்பக்கச் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும்.

5. தூரம் கொஞ்சம் கூடினாலும் திருவள்ளூர்–பூண்டி–ஊத்துக்கோட்டை வழியே என் ஓட்டு. 1944-ல் கட்டி முடித்த பூண்டி ஏரியைப் பார்த்துக்கொண்டே மிதிக்கலாம். கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமும் ஊத்துக்கோட்டைப் பக்கம்தான். லாரிக்குப் பயந்து பயந்து ஓட்டுகிற களைப்பு இதில் இல்லை.

6. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயில் பக்கமும், ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையம் பக்கமும் வழி போடாதீர்கள், கூட்டம் நெரியும். கோயிலுக்குப் போக ஆசையிருந்தால் வேறு நாளில் நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

7. இந்தப் பக்கத்துப் பஞ்சருக்கு முள்ளைவிடக் கம்பிதான் காரணம். வெடித்த லாரி டயரிலிருந்து சிதறும் மயிரிழைக் கம்பி ரோட்டோரத்தில் கிடக்கும், டயரில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். கம்பி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நிற்கும். விரலால் தடவினால் விரல் கிழியும். பிடுங்குவதற்கு ஒரு சின்ன மூக்குக் குறடு குழுவுக்கு ஒன்று போதும்.

8. உங்கள் சைக்கிளில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால், அதன்மேல் திருகும் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே மாட்டி வையுங்கள். பெட்ரோல் பங்க்கிலும் பஞ்சர் கடையிலும் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாய்தான் இருக்கும். அடாப்டர் இருந்தால் அதிலேயே அடித்துக்கொள்ளலாம்.

9. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள் ஊரெல்லாம் ஓடுவதால் பிரேக் கட்டையும் சாதா கேபிளும் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், சுமக்க வேண்டாம். கியர் ஹேங்கர், செயின் லிங்க் இரண்டையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் வளர்ந்த அம்பத்தூர் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், பயணத்தின் நடுவில் அங்கே ஓட முடியாது.

10. டயரின் பக்கவாட்டில் கிழிசல் விழுந்தால் பால் பாக்கெட் உறையை நாலாக மடித்து உள்ளே வைத்துக் காற்றடியுங்கள்; மெதுவாக ஓட்டினால் அடுத்த ஊர் வரை தாங்கும். போன ட்யூபையும் எறியாதீர்கள். குறுக்கே வெட்டினால் அருமையான ரப்பர் பேண்ட், கேரியரில் பை கட்ட உதவும்.

11. வீட்டில் கிளம்பும்போதே 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று கலந்து சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம். எலுமிச்சையை மட்டும் வழியில் வாங்கிப் பிழிந்துகொள்ளலாம்.

12. பழைய சாக்ஸை நனைத்துத் தண்ணீர் பாட்டிலுக்கு மாட்டுங்கள், காற்றுப்பட்டுக் குளிர்ந்துவிடும். திருவள்ளூர்ப் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்கிறது. பழவேற்காட்டின் ஈரக் காற்றில் அவ்வளவாக இல்லை. அங்கே சித்திரை, வைகாசியில் போனால் நுங்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

13. காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக சிப்காட் பக்கத்து டிபன் கடைகளில் சீக்கிரமே அடுப்பு எரியும். வேகமாக ஓட்டுகிற இருவரை முன்னே அனுப்பி, எல்லோருக்கும் ஒரே மாதிரி இட்லி சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு ரோஸ்ட் சொன்னால் கல்லுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

14. முதல் நாளே ஆளுக்கு ஒரே தொகை வாங்கி ஒரு பொதுப்பை வைத்து, ஒருவர் மட்டும் செலவழித்து எழுதி வரட்டும். டீக்கடை தோறும் சில்லறை தேடுகிற நேரம் மிச்சம். பணம் மீந்தால் கடைசி நாள் மீன் சாப்பாட்டுக்கு ஆகும்.

15. வேகம் குறைவு என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெட்ராஸ் ராண்டனர்ஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் குழு நடத்தும் 200 கிலோமீட்டர் பயணத்துக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். கணக்குப் போட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்தான், அதுவும் சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்து. ஆகவே மிதிப்பதைக் கூட்டுவதைவிட நிற்பதைக் குறையுங்கள்: நின்றால் தண்ணீர், பாத்ரூம், போட்டோ எல்லாம் ஒரே நிறுத்தத்தில்.

16. மெதுவாக வருகிறவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வதால் அவருக்கு மிதி லேசாகும், குழுவும் அறுந்து போகாது. கடைசி ஆளாக, பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர் வரட்டும்.

17. கோடையில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசும். அதனால் பழவேற்காட்டுக்குக் காலையில் போய், மாலையில் பொன்னேரி வழியாக மேற்கே திரும்புங்கள்; காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளும். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக இருக்கும், அப்போது மேற்கே போக வேண்டிய தூரத்தை விடியலிலேயே முடித்துவிடுங்கள்.

18. குளிக்கும்போதே உடுப்பையும் அலசி, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கிப் பிழியுங்கள், விடிவதற்குள் காய்ந்துவிடும். பஞ்சு வைத்த கால்சட்டையை உள்புறம் வெளியே தெரியும்படி உலர்த்துங்கள். அதற்குள் ஜட்டி போடாமல், உராயும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினால் புண் வராது.

19. ஷூ நனைந்துவிட்டால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். சீட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் படுத்தால் காலையில் ஈர சீட்டில் உட்கார வேண்டாம்.

20. பழவேற்காட்டு உப்புக் காற்றும் மணலும் செயினை ஒரே ராத்திரியில் துருவேற்றிவிடும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் மணலைத் தட்டி, ஈரம் காய்ந்தபின் ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வழிகிற எண்ணெயை பனியன் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் மணலெல்லாம் அதில்தான் ஒட்டும்.